கடிக்கிற குதிரையும் கட்டிப்போடுற மனுஷனும்

“குதிரையைக் குதிரை கடிக்குதா? தனியாக் கட்டிப் போடு. சிம்பிள்!”

எங்க லேஅவுட்டுல இந்த வசனத்தைச் சொல்லாத ஆளே கிடையாது. பால் பாக்கெட் வாங்க வர்றவர்ல இருந்து அசோசியேஷன் செயலாளர் வரைக்கும் எல்லாரும் சொல்லியாச்சு. நானும் சொன்னேன். சொன்னதோட நிக்காம, பக்கத்துல நின்னு செய்யவும் வெச்சேன். அதனால இது ஊருக்கு உபதேசம் மட்டும் இல்லீங்க, எனக்கு நானே வெச்சுக்கிற குட்டும்தான்.

மேட்டருக்கு வர்றேன்.

வேப்பம்பட்டு தெரியாதவங்களுக்காக: சென்ட்ரல்ல திருவள்ளூர் லோக்கல் ஏறினா ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டி வர்ற ஸ்டேஷன். தினமும் இங்கிருந்து அம்பத்தூர் போய், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பொட்டி தட்டிட்டு ராத்திரி திரும்பி வர்ற ஜீவன் நான். எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு நாலு கிரவுண்டு காலி இடம். அங்க ஒரு அண்ணன் குதிரை வெச்சிருக்கார். மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம், காது குத்து, எல்லாத்துக்கும் அவர் குதிரைதான். ராணின்னு ஒரு பழுப்புப் பெண் குதிரை, ராஜான்னு காயடிச்ச ஆண் குதிரை. ரெண்டும் பல வருஷப் பழக்கம்.

போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய் மூணாவதா ஒண்ணு வாங்கிட்டு வந்தார். வெள்ளைப் பெண் குதிரை. நாங்க வெச்ச பேர் வெள்ளச்சி. (ஆமா, ரொம்ப யோசிச்சுத்தான் வெச்சோம்!)

வந்த ஒரே வாரத்துல வெள்ளச்சி உடம்பு முழுக்கப் பல்லு பதிஞ்ச தடம். கழுத்தும் முதுகும் சேர்ற மேட்டுல ஒரு காயம், பின் தொடையில ரெண்டு, விலாவுல முடி பிடுங்கின மாதிரி வட்டமா ஒண்ணு. வெள்ளைத் தோல்ல ரத்தம் தெரிஞ்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. கடிச்சது ராணி. கையும் களவுமா நானே பார்த்தேன்.

அவ்ளோதான், லேஅவுட்டே டாக்டர் ஆயிடுச்சு.

எதிர் வீட்டு மாமா, ரிட்டயர்டு ஆனவர், “மிளகாய் அரைச்சு அது உடம்புல தடவுங்க, அடுத்த தடவை கடிக்குமா பாப்போம்”னார். வேர்வையில அந்த மிளகாய் வழிஞ்சு அதோட கண்ணுலயும், ஏற்கெனவே இருக்கிற புண்ணுலயும் இறங்கினா என்ன ஆகும்? கடி வாங்கினவளுக்கே தண்டனையும் சேர்த்துக் கொடுக்கற ஐடியா.

இன்னொருத்தர், “கடிக்கிறவளுக்கு வாய்க்கூடை போடுங்க, எங்க ஊர்ல மாட்டுக்குப் போடுவோமே”ன்னார். மாடு வேற, குதிரை வேற சார். மாடு மேஞ்சதை அப்புறம் உக்காந்து அசை போடும். குதிரைக்கு அசை போடற வேலையே கிடையாது. விட்டா ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுக்கிட்டே இருக்கும். வயித்துல அமிலம் நிக்காம சுரந்துக்கிட்டே இருக்கும், தீனி உள்ள போனாலும் போகாட்டியும். நாள் முழுக்க வாயைக் கட்டினா ராணி கடிக்க மாட்டா, வாஸ்தவம். வயித்துல புண்ணு வந்து படுத்துருவா.

அடுத்து நம்ம இணைய நிபுணர்கள். “வெளிநாட்டுல குதிரைக்குப் போர்வை போடுறாங்க பாஸ், பல்லு இறங்காது.” அங்க பனி கொட்டுது, போடுறான். வேப்பம்பட்டுல மே மாசம் 40 டிகிரி. குதிரை மனுஷன் மாதிரியே வேர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கும். அதுக்கு மேல கனமான போர்வையைப் போத்தி விட்டா கடியில தப்பிச்சு வெயில்ல விழும். இதுல ராணி போர்வையைப் பல்லால கவ்வி இழுக்க, வாரு கழண்டு கால்ல சிக்க... வேண்டாம் சாமி.

கடைசியா ஐயா வந்தேன். எஞ்சினியரிங் மூளை இல்லையா! “அண்ணே, பிரச்சினை ரெண்டு பேர் ஒரே இடத்துல இருக்கறதுதான். பிரிச்சுடுங்க. வெள்ளச்சியைப் பின்னாடி சுவத்துக்கு அந்தப் பக்கம் தனியாக் கட்டுங்க”ன்னேன்.

“சரி தம்பி, நீங்க படிச்சவங்க”ன்னு அவரும் கட்டினார்.

படிச்சவங்க! அந்த வார்த்தையை இப்ப நினைச்சாலும் சுருக்குன்னு இருக்கு.

கடி நின்னுச்சு. சூப்பர்னு நினைச்சேன். மூணு வாரம் போச்சு. ஒரு நாள் கடைசி லோக்கல்ல வந்து இறங்கி நடந்து வர்றேன், சுவத்துக்குப் பின்னாடி ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தா வெள்ளச்சி இருட்டுல நின்னுக்கிட்டு தலையையும் கழுத்தையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டிக்கிட்டே இருக்கா. நிறுத்தவே இல்லை. எடையை ஒரு காலுக்கு மாத்தி, மறு காலுக்கு மாத்தி, சாமி வந்தவங்க மாதிரி. முன்னாடி போட்ட புல்லு போட்டபடி கிடக்கு. விலா எலும்பை எண்ணலாம். காலையில அண்ணன்கிட்ட கேட்டா, “ஒரு வாரமா இப்படித்தான் தம்பி. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்”ங்கறார்.

கால்நடை டாக்டரம்மா வந்தாங்க. ஊசி, மருந்து எல்லாம் அப்புறம்தான். வந்ததும் முதல்ல கேட்ட கேள்வி: “இதை யாரு தனியாக் கட்டச் சொன்னது?”

நான் தரையைப் பார்த்தேன்.

அவங்க விளக்கினதையும், அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதையும் வெச்சு இப்ப சொல்றேன். குதிரை கூட்டத்துல வாழற ஜாதி. இரையா இருந்து பழகின மிருகம் அது. ஒண்ணு மேயும்போது இன்னொண்ணு காவல் இருக்கும். தனியா விட்டா, ராத்திரி பகலா தானே காவல் காக்கணும்னு அதோட உடம்பு நினைக்குது. அந்தத் தலையாட்டல் கொழுப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. தனியா அடைச்ச குதிரைங்களுக்கு வர்ற, உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஒரு கோளாறு. ஒரு தடவை பழகிட்டா லேசுல போகாது.

அப்ப கடி? கடிச்சுக் குதறட்டும்னு விட்டுடறதா?

இங்கதான் நாம எல்லாருமே கோட்டை விட்டோம். ராணி ஏன் கடிச்சான்னு ஒருத்தரும் கேக்கலை. எங்க ஆபீஸ்ல சர்வர் விழுந்தா, காரணத்தைக் கண்டுபிடிக்காம ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போறவனைக் கழுவி ஊத்துவோம். அதையேதான் இங்க நான் பண்ணியிருக்கேன்.

முதல்ல எப்படிக் கட்டியிருந்தோம்னு பாருங்க. மூணு முளை, வரிசையா. முன்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தளை. கயிறு நீளம் ஒருத்தி வாய் இன்னொருத்தி முதுகுல படற அளவுக்கு. நடுவுல ஒரே குவியலாப் புல்லு. மூணு ப்ராசஸ், ஒரு பிரின்டர். சண்டை வராம என்ன வரும்?

குதிரை எடுத்த எடுப்புல கடிக்காது. முதல்ல காதைப் பின்னாடி மடக்கும். அப்புறம் கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தி முறைக்கும். அதுக்கும் நகரலைன்னா காத்துல கடிக்கற மாதிரி ஒரு பாவ்லா. அதுக்கும் மேலதான் நெஜக் கடி. இந்தச் சிக்னல் எல்லாம் எதுக்குன்னா, எதிராளி நாலடி தள்ளிப் போகட்டும்னுதான். தள்ளிப் போயிட்டா மேட்டர் முடிஞ்சுது. ராணி முறையா வார்னிங் கொடுத்துத்தான் இருக்கா. வெள்ளச்சிக்கும் அது புரிஞ்சுதான் இருக்கு. ஆனா கால்ல தளை, கழுத்துல கயிறு. எங்க போவா? போகலைன்னதும் “ஓ, என்னையே எதிர்க்கறியா”ன்னு ராணி அடுத்த கட்டத்துக்குப் போறா.

அதனால வெள்ளச்சி முதுகுல இருந்த காயத்துல ராணியோட பல்லு பாதிதான். மீதி நாம கட்டின கயிறு.

காலையில லோக்கல்ல வர்றவங்களுக்கு இது சட்டுனு புரியும். வாசல்ல தொங்கறப்ப முழங்கையால இடிக்கிற அதே ஆளு, ஞாயித்துக்கிழமை காலி வண்டியில “உக்காருங்க சார்”னு நகர்ந்து இடம் கொடுப்பார். ஆளு மாறலை, இடம்தான் மாறுச்சு.

“இதெல்லாம் உன் கற்பனை”ன்னு சொல்றவங்களுக்கு: நார்டிக் நாடுகள் நாலுல, கூட்டமா வளர்க்கிற குதிரைகளைப் பத்தின ஆய்வு ஒண்ணு 2016-ல வெளியாச்சு. அதுல பார்த்த காயங்கள்ல பெரும்பாலானவை முடி போறது, மேல்தோல் சிராய்ப்பு மாதிரி லேசானவைதான். சுவிட்சர்லாந்துல 2008-ல வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள்படி, எந்தக் குதிரையா இருந்தாலும் இன்னொரு குதிரையைப் பார்க்கவும், கேக்கவும், மோந்து பார்க்கவும் வழி இருக்கணும். வளர்ற குட்டிங்களைக் கூட்டமாத்தான் வளர்க்கணும். அங்க குதிரை கடிக்காதுன்னு நினைச்சா இப்படி எழுதி வெச்சிருப்பாங்க? கடியை விடத் தனிமை மோசம்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க.

அவங்க பணக்கார நாடு, நாம என்ன பண்றதுங்கறீங்களா? நம்ம கதைக்கே வர்றேன். குதிரையை வாங்கத் தெரிஞ்சு வளர்க்கத் தெரியாத கதை நமக்குப் புதுசு இல்லை. 13-ஆம் நூற்றாண்டுல பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்க ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரைகளைக் கடல் வழியா இறக்குமதி பண்றதையும், வருஷக் கடைசியில அதுல நூறு கூட மிஞ்சறதில்லைங்கறதையும் எழுதி வெச்சிருக்கார். காரணம், பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லையாம், சோத்தையும் கறியையும் சமைச்சுப் போடுறாங்களாம். மனுஷன் கொஞ்சம் அளந்தும் விட்டிருப்பார், பயணக் கதை இல்லையா. ஆனாலும் படிக்கும்போது எனக்கு எங்க லேஅவுட்டுதான் ஞாபகம் வந்துச்சு. 700 வருஷம் தாண்டியும் காசு கொடுத்து வாங்கிட்டு, அப்புறம் “என்ன திங்கும், யாரோட இருக்கும்”னு யோசிக்கறோம்.

சட்டம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. அதுக்கு விதை போட்டது நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்யசபா நியமன உறுப்பினரா இருந்தப்ப அவங்க கொண்டு வந்த தனிநபர் மசோதாதான் ஆரம்பம். 1962-ல விலங்கு நல வாரியம் அமைஞ்சப்ப முதல் தலைவரும் அவங்கதான். அந்தச் சட்டத்தோட 11-ஆம் பிரிவுல, நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான கயித்துலயோ சங்கிலியிலயோ ரொம்ப நேரம் கட்டி வெக்கறதே குற்றம்னு தெளிவா இருக்கு. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும். டீயும் பஜ்ஜியும் அதை விட ஜாஸ்தி ஆகும்.

ஆனா இதுல எனக்கு நெஜமாவே கோபம் வர்றது அபராதத் தொகை மேல இல்லை. சட்டம் எதைக் குற்றம்னு சொல்லுதோ, அதைத்தான் நாங்க “பாதுகாப்பு”ன்னு பேர் வெச்சுச் செஞ்சோம்.

சரி, அப்புறம் என்ன பண்ணினோம்? டாக்டரம்மா சொன்னபடி ஒண்ணொண்ணா.

தளையை அவுத்தோம். பின்னாடி இன்னும் மனை போடாத நிலம் ஒண்ணு, ஏக்கருக்கு மேல இருக்கும். நிலத்துக்காரர்கிட்ட அண்ணன் பேசி, ரெண்டுத்தையும் சேர்த்து சவுக்குக் கம்பு நட்டு வேலி போட்டார். முள்ளுக் கம்பி கூடவே கூடாது, ஓடற குதிரை அதுல கிழிச்சுக்கும். மூலைங்கள்ல கம்பைக் குறுக்கால கட்டி மழுங்கடிச்சோம், துரத்தும்போது ஒருத்தி மூலையில மாட்டிக்கக் கூடாதுன்னு.

வெள்ளச்சியை உடனே உள்ள விடலை. முதல்ல சில நாள் நடுவுல வேலி. ரெண்டு பக்கமும் மோந்து பார்த்து, கத்தி, மண்ணை உதைச்சு ஓய்ஞ்சப்புறம், சாதுவான ராஜாவை மட்டும் அவகூட விட்டோம். ரெண்டும் ஒட்டினதும்தான் ராணி. அதுவும் தீனி நேரத்துல இல்லை, மூணும் வயிறு நிறைஞ்சு நிக்கற நேரமாப் பார்த்து. விடறதுக்கு முன்னாடி பின்னங்கால் லாடத்தைக் கழட்டினோம். உதை விழுந்தாலும் இரும்பு விழக் கூடாது இல்லையா.

தீனிதான் பெரிய விஷயம். மூணு குதிரைக்கு நாலு குவியல் புல்லு. ஒரு குவியலுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு குதிரை நீளத்துக்கு இடைவெளி. ராணி ஒண்ணுல இருந்து விரட்டினா போக இன்னொண்ணு காலியா இருக்கும். கொள்ளும் தவிடும் மட்டும் மூஞ்சியில மாட்டுற பையில, தள்ளித் தள்ளி நிக்க வெச்சு. தின்னு முடிச்சதும் பையைக் கழட்டிடணும்.

காயத்துக்கு உப்புத் தண்ணியில கழுவி மருந்து. கூடவே டெட்டனஸ் ஊசி, அதை மறக்கவே கூடாது. குதிரைக்கு அந்த நோய் ரொம்ப சுலபமா வரும், வந்தா பெரும்பாலும் பிழைக்காது. முதுகுப் புண்ணு ஆறுற வரைக்கும் சேணம் கிடையாது. ரெண்டு முகூர்த்தத்தை அண்ணன் விட்டுக் கொடுத்தார். அவருக்கு அது சாதாரணத் தொகை இல்லை. “கடனை அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி”ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். நான் கொடுத்த ஓசி ஐடியாவுக்கு அவர் கொடுத்த விலை அது.

இப்ப கடியே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நடுவுல ஒரு நாள் வெள்ளச்சி தொடையில முடி போயிருந்துச்சு. ஆனா ரத்தக் காயம் இல்லை. துரத்தறா, இவ ஓடறா, அவ நிக்கறா. முடிஞ்சுது. தலையாட்டல் நிறைய குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் பேசாம உள்ள போயிடுவேன்.

பிரிச்சே வெக்கக் கூடாதான்னா, அப்படி இல்லை. காயடிக்காத ஆண் குதிரையை மத்த குதிரைங்களோட கண்டபடி விட முடியாது. பெரிய காயம், நொண்டல், தொத்து நோய் இருந்தா பிரிச்சுத்தான் ஆகணும். எல்லாத்தையும் முறையா செஞ்ச பிறகும் விடாமக் கொடுமை பண்ற குதிரையும் இருக்கு, அதுக்கு வேற ஜோடி தேடணும். ஆனா பிரிச்சாலும், இன்னொரு குதிரை கண்ணுல படற தூரத்துல, நடுவுல வேலி மட்டும் இருக்கற மாதிரி பிரிங்க. சுவத்துக்குப் பின்னாடி இல்லை.

இப்ப ஏன் இதை எழுதறேன்னா, போன ஞாயித்துக்கிழமை எங்க அசோசியேஷன் மீட்டிங்ல ஒரு தீர்மானம் வந்துச்சு. “குதிரைகள் ஒன்றையொன்று துரத்துவது குடியிருப்போருக்கு அச்சம் தருவதால், அவற்றை எப்போதும் கட்டியே வைக்க வேண்டும், இல்லையேல் அப்புறப்படுத்த வேண்டும்.” கை தூக்கினவங்க பெரும்பான்மை. வேலிக்குள்ள ஓடற குதிரை இவங்களுக்கு பயம். தளை போட்டு ரத்தம் வழிய நின்னப்ப யாருக்கும் பயம் வரலை, ஏன்னா அது அமைதியா நின்னுச்சு. அதே குதிரையைத்தான் பொண்ணு கல்யாணத்துக்கு வாடகைக்குப் பிடிச்சு, மாப்பிள்ளையை ஏத்தி, போட்டோ எடுத்து மாட்டியிருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்.

நான் எழுந்து பேசினேன். குரல் நடுங்குச்சு, பாதி மறந்து போச்சு. அங்க சொல்ல விட்டதைத்தான் இங்க எழுதியிருக்கேன். அடுத்த மீட்டிங் வர்ற மாசம். வேலி உயரம் பத்தலையா, சொல்லுங்க, எல்லாரும் காசு போட்டு ஏத்துவோம், என் பங்கு முதல்ல. பசங்க உள்ள போறாங்களா, கேட்டுக்குப் பூட்டுப் போடுவோம். ஆனா திரும்பக் கட்டணும்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு தடவை உங்க பேச்சையும் என் பேச்சையும் கேட்டுக் கட்டிப் பார்த்தாச்சு.

பி.கு: நேத்து சாயந்திரம் ராணியும் வெள்ளச்சியும் எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு, ஒருத்தி முதுகு மேட்டை இன்னொருத்தி பல்லால வரட்டு வரட்டுன்னு சொறிஞ்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த இடத்துல சொறிஞ்சா குதிரையோட இதயத் துடிப்பு குறைஞ்சு சாந்தமாகுதுன்னு பிரான்சுல கமார்க் குதிரைகளை வெச்சு 1993-லயே ஆய்வு பண்ணியிருக்காங்க. எதிர் வீட்டு மாமா மாடியில இருந்து, “பாருப்பா, திரும்பக் கடிக்க ஆரம்பிச்சுடுச்சு, நான் அப்பவே சொன்னேன்ல!”ன்னு கத்தினார். கீழ இறங்கி வாங்க மாமா, பக்கத்துல நின்னு பாருங்கன்னு கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னு சொல்லியிருக்கார் :-)